ஆறு விளிம்பும் இரண்டு விளிம்பும்

‘விடியா’ என்பதைச் சிறு வயதில் நான் வசைச்சொல் என்றே எண்ணியிருந்தேன். பாப்பனங்கோட்டில் என் தந்தையாரின் கடைசல் பட்டறையில் “அந்த விடியாவை எடு” என்ற குரல் எழும்போதெல்லாம், விடியாத கருவி எதற்கு என்று வியப்பேன். வைரத்தைப் போன்றது என்று பொருள்படும் ஜெர்மானியச் சொற்களின் சுருக்கம் அது என்பது பின்னால்தான் தெரிந்தது. மின்விளக்கின் மெல்லிய கம்பியை இழுக்க வைர அச்சுக்கு மாற்றுத் தேடிய ஆஸ்ரம் கம்பெனியார், டங்ஸ்டன் கார்பைடுப் பொடியைக் கோபால்ட்டோடு சேர்த்துச் சுட்டெடுத்தனர். 1923-ல் கார்ல் ஷ்ரோட்டர் அதற்குக் காப்புரிமை கோரினார். குருப் கம்பெனி அதற்கு ‘விடியா’ என்று பெயரிட்டு 1920-களிலேயே விற்பனைக்கு விட்டது. இன்று யார் செய்தாலும் நம் பட்டறைகளில் அது விடியாதான்!

அப்பா கோவையில் தொழில் பழகியவர். பிழைப்பைத் தேடித் திருவனந்தபுரம் வந்து, பழைய லேத் ஒன்றை வாங்கிப் போட்டு, என்னைக் காரியவட்டத்தில் பௌதிகம் எம்.எஸ்ஸி. வரை கொண்டுவந்து விட்டவர். சென்ற ஆண்டு ஒரு நாள் என்னை அழைத்தார்.

“சாணைக்கல்லுல நின்னு நின்னு கண்ணு எரியுது சாமி. டிப்பு மாத்தற டூல் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கறேன். நீ படிச்சவன், எதுன்னு பாத்துச் சொல்லு.”

பட்டறை ஆட்கள் முன்னிலையில் கேட்டார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

விலைப்பட்டியலைப் புரட்டினேன். எஃகுக்கு நீலம், துருப்பிடிக்கா எஃகுக்கு மஞ்சள், வார்ப்பிரும்புக்குச் சிவப்பு என்று நிறம் பிரித்திருந்தார்கள். அப்பாவுக்கு வருபவை பெரும்பாலும் பம்புத் தண்டுகள், ஆகவே நீலம். பிறகு வடிவம். டபிள்யூ.என்.எம்.ஜி. 080408 என்ற டிப்பு என் மனத்தைக் கவர்ந்தது. மூன்று மூலை, புரட்டிப் போட்டால் இன்னும் மூன்று, ஆக ஆறு விளிம்பு. சி.சி.எம்.டி. 09டி304 என்பதற்கோ இரண்டே விளிம்பு. விலையில் பெரிய வேறுபாடு இல்லை. வகுத்துப் பார்க்க எம்.எஸ்ஸி. எதற்கு? கடைசி இரண்டு இலக்கம் மூக்கின் ஆரம். 08 என்றால் 0.8 மில்லிமீட்டர், 04 என்றால் 0.4. ஊட்டத்தின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் பரப்பின் சொரசொரப்பு கிடைக்கும் என்பது பாடம். ஆரம் இரட்டித்தால் சொரசொரப்புப் பாதி. ஆறு விளிம்புக்கே தீர்ப்பு எழுதினேன். அப்பா ஒரு வார்த்தை கேட்காமல், பிடியும் டிப்புகளுமாக வாங்கி வந்தார்.

முதல் வேலை, 20 மில்லிமீட்டர் கனத்தில் நீளமான தண்டுகள். கடைசி வெட்டுக்கு டூல் தொட்டதும் லேத் அலறியது. அது கடையும் ஓசை அன்று. தகரத்தை நகத்தால் கீறும் ஓசை. தண்டின் நடுப்பகுதி முழுதும் பனைமரம்போல வரி வரியாக விழுந்தது. வேகத்தைக் குறைக்கச் சொன்னேன். இரண்டாவது தண்டும் பாழ். மறுநாள் காலை கொடுக்க வேண்டிய வேலை!

அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பிடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பழைய ஹைஸ்பீடு டூலை எடுத்துச் சாணைக்கல்லுக்குப் போனார். நீர் வழியும் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டே தீட்டினார். இரவு ஒரு மணிக்குத் தண்டுகள் முடிந்தன. கண்ணாடிபோல இருந்தன.

அன்றிரவு அந்தக் கைத்தீட்டு டூலைப் பூதக்கண்ணாடியும் கோணமானியும் வைத்து அளந்தேன். விளிம்பின் அடியில் ஏறக்குறைய ஏழு பாகைச் சரிவு. மூக்கு அரை மில்லிமீட்டர்கூட இல்லை. விலைப்பட்டியலை மறுபடி விரித்தேன். நான் கவனியாது விட்டது இரண்டாவது எழுத்து. ‘என்’ என்றால் அடிச்சரிவு சுழியம். இருபுறமும் வெட்ட வேண்டுமானால் பக்கம் செங்குத்தாகத்தானே இருக்க முடியும்? அதனால் டிப்பைப் பிடியில் முன்பக்கம் தாழ்த்திச் சாய்த்து வைக்கிறார்கள்; அது சீவுவதைவிட அழுத்துவது அதிகம். வெட்டின் ஆழமோ 0.3 மில்லிமீட்டர், மூக்கின் ஆரத்தைவிடக் குறைவு. விசையின் பெரும்பங்கு தண்டைப் பக்கவாட்டில் தள்ளியிருக்கிறது. மெலிந்த தண்டு வளைந்து விலகும், மீளும், மறுபடி விலகும். தேய்ந்த பேரிங்குள்ள லேத்தும் உடன் ஆடும். இரும்புக்கோட்டைபோன்ற புதிய இயந்திரத்தில், கனத்த வேலையில், ஆறு விளிம்பு லாபந்தான். எங்கள் லேத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. இரண்டாவது எழுத்து ‘சி’ என்றால் ஏழு பாகை. இரண்டு விளிம்புதான் என்று நான் தள்ளிய டிப்பு, அப்பாவின் கைத்தீட்டின் அச்சு!

அதற்குப் பிடியும் வேறு, முன்னதில் பொருந்தாது. என் உபகாரச் சம்பளப் பணத்தில் வாங்கிக் கொடுத்தேன். அப்பா மாட்டி ஒரு தண்டு கடைந்தார். சுருள் சிறுசிறு துண்டாக ஓசையின்றி விழுந்தது. “இது நம்ம டூலாட்டமே இருக்குது” என்றார்.

ஆறு விளிம்பு டூலை அவர் எறிந்துவிடவில்லை. குட்டையும் தடிமனுமான துண்டு வந்தால் மேல்தோலை உரிக்க அதைத்தான் மாட்டுகிறார். டிப்பு தீர்ந்து கடைக்குப் போனால் அங்கிருந்து எனக்குப் போன் வரும்:

“சாமி, ரெண்டாவது எழுத்து என்னன்னு சொன்னே?”