சீனத்துப் பெண்கள் பள்ளிவாசல்

சீன தேசம் வரை சென்றேனும் கல்வியைத் தேட வேண்டும் என்னும் சொல் நம் மீலாது மேடைகளில் ஒலிக்காத ஆண்டில்லை. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என ஹதீஸ் கலை அறிஞர்கள் பலர் கூறியுள்ளனர். அவ்விவாதம் இங்கு வேண்டாம். என் வியப்பு வேறு. சீனத்தின் பெயரை இத்தனை முறை உச்சரித்த நாம், அங்கு வாழும் முஸ்லிம் பெண்கள் எவ்வாறு மார்க்கம் கற்றார்கள் என்று ஒரு முறையேனும் வினவியதுண்டா?

சீனத்தின் நடுப்பகுதியில் உள்ளது ஹெனான் மாநிலம். அதன் பழம்பெரும் நகரான கைஃபெங்கில், வாங்ஜியா என்னும் சந்தில், பெண்களுக்கென்றே ஒரு பள்ளிவாசல் 1820இல் எழுந்தது. ஆண்கள் பள்ளியின் ஓரத்தில் திரை கட்டி ஒதுக்கிய இடமன்று அது. பெண்களுக்கே உரிய தனிப் பள்ளி. இத்தகைய பள்ளிகளில் ஓதிக்கொடுப்பவரும் பெண்ணே. அவரை 'நூ ஆஹோங்' என்பர். 'நூ' என்றால் பெண். 'ஆஹோங்' என்பது 'ஆகூந்த்' என்னும் பார்ஸிச் சொல்லின் சீன உருவம்.

இது எப்படித் தோன்றியது? ஹூய் எனப்படும் இம்மக்கள், முன்னாளில் சீனம் வந்து தங்கிய அரபு, பார்ஸி, மத்திய ஆசிய முஸ்லிம்களின் வழி வந்தோர். சீனரோடு மணவுறவு கொண்டு, சீனத்தையே தாய்மொழியாக ஏற்றவர்கள். மிங் அரசர் காலத்தில் (1368-1644) அரபும் பார்ஸியும் அவர்கள் நாவிலிருந்து நழுவின. 16ஆம் நூற்றாண்டில் ஹூ தெங்ஜோவ் என்னும் பெரியார் பள்ளிவாசல் கல்வியைச் சீர்ப்படுத்தினார். ஆனால், தாய்க்கே கலிமா தெரியாத வீட்டில் பிள்ளைக்கு அதைச் சொல்லித் தருவது யார்? இக்கவலை பிறந்த பின்னரே பெண்கள் மதரஸாக்கள் உண்டாயின. அவையே காலப்போக்கில் பள்ளிவாசல்களாக வளர்ந்தன. இவ்வரலாற்றை மரியா ஜாஷாக் என்பவருடன் சேர்ந்து விரிவாக எழுதி, 2000இல் ஆங்கில நூலாகத் தந்த ஷுய் ஜிங்ஜுன் அம்மையாரும் ஹூய் குலத்துப் பெண்மணியே. தம் பாட்டிமாரின் கதையைப் பிறர் சொல்லக் காத்திராமல் தாமே சொன்னார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

நூ ஆஹோங் நிக்காஹ் நடத்துவதில்லை. ஜனாஸாத் தொழுகைக்கு இமாமாக நிற்பதில்லை. பெண்களுக்குத் தொழுகை நடத்தும்போதும் முன்னே தனித்து நில்லாமல் ஸஃப்பின் நடுவிலேயே நிற்பார். பெண்களின் தனி ஜமாஅத்தை ஷாஃபி மத்ஹபு அனுமதிக்கிறது. ஹனஃபி மத்ஹபு மக்ரூஹ் என்கிறது. சீனத்தாரோ ஹனஃபிகள்! இதுபற்றி நம் ஆலிம்களுக்குச் சொல்ல நிறைய இருக்கும். ஆயினும் பெண் மய்யித்தைக் குளிப்பாட்டிக் கஃபனிடுவதும், அறுபது வயதில் அலிஃப் கற்க வரும் மூதாட்டிக்குச் சலிக்காமல் ஓதிக்கொடுப்பதும் அவர் பணிகள் என்பதை அறியும்போது, மறுக்க யாருக்கு மனம் வரும்?

இன்னொன்று. சீன மொழியை அரபு எழுத்தில் எழுதும் முறை ஒன்று அங்கு உண்டு. 'சியாவ்அர்ஜிங்' என்பது அதன் பெயர். இது நமக்குப் புதுமையன்று. நம் பாட்டிமார் தமிழ் எழுத்தறியாமலே அரபுத்தமிழ்க் கிதாபுகளையும் மாலைகளையும் ஓதவில்லையா?

1966இல் தொடங்கிய கலாசாரப் புரட்சியில் பள்ளிவாசல்கள் மூடப்பட்டன, கிதாபுகள் எரிந்தன. 1980களில் மீண்டும் திறந்தபோது பெண்கள் பள்ளிகளும் உயிர் பெற்றன. அண்மை ஆண்டுகளில் 'சீனமயமாக்கல்' என்னும் பெயரில் குவிமாடங்களும் அரபுப் பலகைகளும் அகற்றப்படுகின்றன. உய்குர் மக்களின் துயரமோ தனியே எழுத வேண்டியது.

1949இல் உள்நாட்டுப் போர் முடிந்தபோது, தோற்ற அரசுடன் கடல் கடந்து தைவானுக்குச் சென்ற ஹூய் குடும்பங்கள் உண்டு. தலைநகர் தைப்பேயில் 1960இல் பெரிய பள்ளிவாசல் எழுந்தது. ஆயினும் சிதறி வாழ்ந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் பலர் தொழுகையையும் மறந்து ஊரோடு கலந்துவிட்டனர். இன்று அத்தீவின் முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள். முதியோரைப் பராமரிக்கும் பெண்கள் அவர்களில் மிகுதி. புலம்பெயர்ந்தோருக்கென 2014 முதல் அங்கு ஓர் இலக்கியப் பரிசு வழங்கப்பட்டது. பிறர் வீட்டுக் கட்டிலருகே விழித்திருந்த அப்பெண்களுள் சிலர், தம் மொழியிலேயே எழுதி அதை வென்றனர்.

இவற்றையெல்லாம் என் மதரஸாப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்த ஒரு பெண் கேட்டாள்: "அங்கே நிக்காஹ் ஆன பிறகும் ஓதப் போகலாமா?" வரும் ஷவ்வாலில் அவளுக்குத் திருமணம்.