சார்ஜ் கொடுத்தாச்சா?

லீவு எடுப்பது வேறு, லீவில் இருப்பது வேறு. முன்னது ஒரு காகிதத்தோடு முடிந்துவிடும். பின்னது இருக்கிறதே, அது நம்மில் எத்தனை பேருக்குக் கைகூடியிருக்கிறது என்று சற்று யோசித்துப் பாருங்கள், சகோதரிகளே! பெட்டி படுக்கையோடு ஊரில் போய் இறங்குகிறோம். நமக்கு முன்னாலேயே ஆபீஸ் இறங்கிவிடுகிறது, சட்டைப் பைக்குள் இருக்கும் கைப்பேசியின் ரூபத்தில்.

சட்டம் இல்லாமல் இல்லை. இருபது நாள் உழைத்தவருக்குச் சம்பளத்தோடு ஒரு நாள் லீவு என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் கணக்கு வகுத்தது. அந்தக் காலத்தில் ஆலைச் சங்கு காதில் விழாத தூரத்துக்குப் போய்விட்டால் போதும், லீவு தானாக வந்துவிடும். இப்போது சங்கும் நம்மோடு ரயிலேறி வருகிறது. அதனால்தான் பிரான்ஸ் தேசத்தில் 2017 ஜனவரியிலும், ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டிலும், வேலை நேரம் முடிந்த பிறகு ஆபீஸ் அழைப்பைக் கவனிக்காமல் இருப்பதற்கென்றே சட்டம் செய்தார்கள். நம் நாட்டிலும் சுப்ரியா சுலே என்ற எம்.பி. 2018-ல் இப்படி ஒரு தனி நபர் மசோதாவை லோக்சபாவில் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. 2025 டிசம்பரில் மறுபடியும் கொண்டுவந்தார். அந்த அம்மாளின் விடாமுயற்சிக்கு ஒரு நமஸ்காரம்.

ஆனால் எனக்கு இந்த விஷயம் விளங்கியது டில்லியிலிருந்து அல்ல, சமயநல்லூரிலிருந்து.

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் பாதையில் கூடல்நகருக்கு அடுத்த ஸ்டேஷன் சமயநல்லூர். பெரிய எக்ஸ்பிரஸ்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிவிடும். அங்கே என் பெரியம்மா மகள் குடியிருக்கிறாள். அத்தான் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதில் பல வருஷம் அவர் பார்த்தது 'ரெஸ்ட் கிவர்' வேலை. இப்படி ஓர் உத்தியோகம் இருப்பதே உங்களில் பலருக்குத் தெரியாது. ஸ்டேஷன் மாஸ்டருக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டு. அன்றைக்கு வண்டிகள் நின்றுவிடுமா என்ன? அவருடைய நாற்காலியில் இன்னொருவர் உட்கார வேண்டும். அதற்கென்றே ஓர் ஆசாமி. இன்று சமயநல்லூர், நாளை சோழவந்தான், மறுநாள் வாடிப்பட்டி என்று போய்க்கொண்டே இருப்பார். பிறருக்கு ஓய்வு கொடுப்பதுதான் அவர் வேலை!

அதிலும் ஒரு முறை இருக்கிறது. போகிறவர், எந்த லைனில் எந்த வண்டி நிற்கிறது, எந்த லைன் அடைபட்டிருக்கிறது என்பதெல்லாம் டயரியில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். வருகிறவர் படித்துப் பார்த்து, ஏற்றுக்கொண்டேன் என்று தாமும் கையெழுத்துப் போடுவார். அதற்குப் பிறகுதான் முன்னவர் வீட்டுக்குப் போகலாம். இதற்குப் பெயர் சார்ஜ் கொடுப்பது.

போன மே மாதம் நாலு நாள் லீவில் நானும் என் வீட்டுக்காரரும் அங்கே போயிருந்தோம். முதல் நாள் முழுக்க அவர் மொட்டை மாடியில்தான் குடியிருந்தார். போன் வருவதும், இவர் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பேசுவதும், கீழே காப்பி ஆறிப்போவதுமாகப் பொழுது போயிற்று. சாயங்காலம் அத்தான் மெல்லக் கேட்டார்:

"சகலை, சார்ஜ் கொடுத்துட்டு வந்தீங்களா?"

"எல்லாருக்கும் மெயில் போட்டுட்டுத்தான் வந்தேன். அவசரம்னா மட்டும் கூப்பிடச் சொல்லியிருக்கேன்."

"நீங்க கொடுத்தீங்க, சரி. வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்துப் போட்டது யாரு?"

இவருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. யோசித்துப் பாருங்கள்: யாரும் வாங்கிக்கொள்ளாத பொறுப்பு கொடுத்தவரிடம்தானே திரும்பி வரும்? 'அவசரமானால்' என்று ஒரு வார்த்தை வேறு. எந்த ஆபீஸில் அவசரமில்லாத காரியம் இருக்கிறது? மறுநாள் காலையில் இவர் தம் கீழ் வேலை பார்க்கும் ஒரு பையனைக் கூப்பிட்டு, ஒரு மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்து, 'திங்கட்கிழமை வரை இவரிடம்தான் பேச வேண்டும்' என்று மேலதிகாரிக்கும் எழுதிவிட்டார். அப்புறம் இரண்டே முறை மணி அடித்தது. பிறகு சப்தமே இல்லை.

ஆண்கள் பிரச்னை தீர்ந்தது. ஆனால் இந்த சம்பாஷணை நடக்கும்போதெல்லாம் அக்கா மூன்று தடவை காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு லீவு, அதனாலேயே அவளுக்கு வேலை இரட்டிப்பு. 2024-ல் இந்திய சர்க்கார் எடுத்த கணக்கில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் செலவிடும் நேரம் சராசரி 289 நிமிஷம், ஆண்கள் 88 நிமிஷம். இதில் ஞாயிற்றுக்கிழமை என்று தனிக் கணக்கு உண்டா என்று நம்மைக் கேட்டால் சொல்லுவோமே!

"அத்தான், லைன் முழுக்க ரெஸ்ட் கொடுத்தீங்க. இந்த அடுப்படி ஸ்டேஷனுக்கு மட்டும் ஆள் போடவே இல்லையே?" என்று கேட்டுவிட்டேன்.

அத்தான் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார். அக்காதான், "நான் என்ன ஆபீஸுக்கா போறேன், எனக்கு எதுக்குடி லீவு?" என்றாள். அத்தான் பேசாமல் உள்ளே போய் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்து வந்து, "சொல்லு" என்று உட்கார்ந்தார்.

அவள் சொல்லச் சொல்ல எழுதினார். மோட்டார் போட்டால் இருபது நிமிஷத்தில் அணைக்க வேண்டும். அம்மாவுக்குச் சாப்பாட்டுக்கு முன் ஒரு மாத்திரை, பின் இரண்டு. மாவு பொங்கினால் பாதியை எடுத்து உள்ளே வைக்க வேண்டும். காஸ் அடுப்பின் இடது பக்கம் ஒரு தடவையில் பற்றாது. கொடியில் துணி, வாசலில் பால்காரர் கணக்கு... ஒன்றரைப் பக்கம் ஓடியது. ஓர் அரை நாளைக்கு! அத்தான் அதை மேலிருந்து கீழே ஒரு முறை படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடியில் மணி 3-10 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அக்கா பக்கத்து வீட்டு அம்மாளோடு மதுரைக்கு பஸ் ஏறினாள், மீனாட்சி அம்மன் கோயிலுக்கு. பஸ்ஸிலிருந்து இரண்டு தடவை போன். "மோட்டாரை அணைச்சாச்சா?" "அத்தை எந்திரிச்சாங்களா?" ஆனால் கோயில் வாசலில் அந்த விளையாட்டு செல்லாது. 2018 பிப்ரவரியில் அங்கே வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததே, அதற்குப் பிறகு ஹைகோர்ட் உத்தரவின்பேரில் உள்ளே கைப்பேசி கூடாதென்று ஆகிவிட்டது. வெளியே கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

நாலரை மணிக்குப் பிறகு அக்காவிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. அத்தான் வைத்த ரசம் கொஞ்சம் உறைப்பு. அத்தை முகத்தைச் சுளித்துக்கொண்டே இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

இரவு எட்டரைக்கு அக்கா வந்தாள். தலை நிறைய மல்லிகை. பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தார்களாம், என்ன பேசினோம் என்றுகூட நினைவில்லையாம். மோட்டாரைப் பற்றி அவள் கேட்கவேயில்லை. பர்ஸைத் திறந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்தபோது, கூடவே டோக்கனும் வந்து விழுந்தது.

"ஐயையோ, போனை வாங்காமலே வந்துட்டேன்!"

"அதனால என்ன, காலையில நான் போய் வாங்கிட்டு வந்துர்றேன்" என்றார் அத்தான்.

"அதெப்படி? டோக்கன் கொடுத்தது என்கிட்ட. நான்தான் போகணும்" என்று சொல்லி, அக்கா அதைப் பத்திரமாக மறுபடி பர்ஸுக்குள் வைத்துக்கொண்டாள்.