ஜங்கான் அப்டேட்

பழைய உலாவியை விடாமல் வைத்திருப்பவர்களைப் பற்றிக் கணினித் துறை நண்பர்களிடம் பேச்செடுத்தால் ஒரே பாட்டுதான். சோம்பேறிகள், சொன்னால் கேட்கமாட்டார்கள், புதுசு என்றாலே பயம். கிள்ளான் பள்ளத்தாக்கில் நான் பார்த்த வரையில் சோம்பேறித்தனம் காரணமாக இருந்தது அரிது. ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் இருக்கிறது. அதை அவர்களாக உண்டாக்கிக்கொள்ளவும் இல்லை. எங்கோ ஓர் அலுவலகமோ, ஓர் அகப்பக்கமோ, ஒரு மென்பொருளோ அவர்கள் தலையில் கட்டியது.

*

இன்டர்நெட் எக்ஸ்புளோரர் (ஐஇ) 6 வெளிவந்தது 2001 ஆகஸ்டில். அதே மாதம் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல். டிஸ்கி, டாப், டாம், யூனிகோட் என்று தமிழ்க் கணிமைக்காரர்கள் குறியேற்றச் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம். தமிழ்த் தட்டச்சு மென்பொருளான முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் இந்த நாட்டுக்காரர். அதனால் மலேசியாவில் தமிழில் தட்டச்சு செய்வது பலருக்கு முன்னதாகவே வாய்த்துவிட்டது. படிப்பதுதான் பாடாக இருந்தது.

தமிழ்நாட்டு நாளேடுகளும் வார இதழ்களும் ஆளுக்கோர் எழுத்துரு வைத்திருந்தன. அதைத் தரவிறக்கிக் கணினியில் போட்டுக்கொள்ளாவிட்டால் தலைப்புச் செய்தி முழுக்கப் புள்ளியும் கோடும் ஏறிய ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும். இதைத் தீர்க்க வந்தது இயங்கு எழுத்துரு. பக்கத்தோடு எழுத்துருவும் சேர்ந்தே இறங்கும். நெட்ஸ்கேப் 4-க்கு பிட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் முறை ஒன்று, ஐஇ-க்கு மைக்ரோசாஃப்டின் முறை ஒன்று. அடுத்து வந்த நெட்ஸ்கேப் 6 அந்த வசதியைக் கைவிட்டது. மிஞ்சியது ஐஇ மட்டும்.

ஆக, காலையில் ஊர்ச் செய்தி படிக்க நினைக்கும் ஒரு மனிதருக்கு உலாவியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அன்று இருந்ததா? ஃபயர்பாக்ஸ் வேகமானது, பாதுகாப்பானது, எல்லாம் உண்மை. அதில் அவருடைய பத்திரிகை தெரியவில்லை. பிடிவாதமாக ஃபயர்பாக்ஸில் இருந்தவர்கள் பத்ம என்ற நீட்சியைப் போட்டுக்கொண்டார்கள்; இல்லையென்றால் கிறுக்கலை அள்ளிக்கொண்டுபோய் சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியில் ஒட்டிப் படித்தார்கள். அது ஆர்வலர் செய்யும் வேலை. ஓய்வுபெற்ற தோட்டத்து ஆசிரியர் செய்யும் வேலையா?

யூனிகோட் வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். விண்டோஸ் எக்ஸ்பி-யில் ஒரு கொக்கி. மொழி அமைப்புகளுக்குள் போய், சிக்கலான எழுத்துமுறைகளுக்கான கோப்புகளை நிறுவு என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். போட்டால் விண்டோஸ் குறுந்தட்டைக் கேட்கும். குறுந்தட்டு யாரிடம் இருந்தது? டிக் போடாத கணினியில்கூட ஒரு யூனிகோட் எழுத்துரு இருந்துவிட்டால் ஐஇ தமிழை ஒழுங்காகக் காட்டிவிடும். ஃபயர்பாக்ஸில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இன்னொரு வேடிக்கை: 2008 ஜூனில் ஃபயர்பாக்ஸ் 3 வரும்வரை, இருபக்கமும் சமமாக நறுக்கிய பத்திகளில் தமிழ் உதிரி உதிரியாகச் சிதறியது. ஜஸ்டிஃபை செய்யாதீர்கள் என்று பதிவர்கள் ஒருவரையொருவர் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

இவ்வளவு நடந்த பிறகு, தமிழ் படிக்கிற ஒருவர் 2009-லும் நீல நிற ‘e’ சின்னத்து ஐஇ-யை விடவில்லை என்றால், அதை அறியாமை என்று நான் எழுதமாட்டேன்.

*

இன்னொரு காரணம், அசல் அல்லாத விண்டோஸ். அதைப் பற்றி யாரும் வாய்திறந்து பேசுவதில்லை. கோலாலம்பூர் கணினிச் சந்தைகளில் சில வெள்ளிக்கு எக்ஸ்பி குறுந்தட்டு கிடைத்த காலம் ஒன்று இருந்தது. கடைக்காரர் நிறுவிக் கொடுக்கும்போதே தானியங்கிப் புதுப்பித்தலை அணைத்துவிடுவார். அணைக்காவிட்டால் மைக்ரோசாஃப்டின் சோதனை உள்ளே வந்து, இது அசல் இல்லை என்று காட்டிக்கொடுத்துவிடும். 2008-ல் அப்படி மாட்டிய கணினிகளின் பின்னணித் திரை மணிக்கொரு தரம் கறுப்பாகும்.

2006 அக்டோபரில் வந்த ஐஇ 7-உம் முதலில் அசலா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தது. ஓராண்டு கழித்து மைக்ரோசாஃப்டே அந்தச் சோதனையை எடுத்துவிட்டது. ஆனால் அப்டேட் என்றால் வம்பு என்ற பாடம் அதற்குள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்திருந்தது. அசல் வாங்கிய பிறகும் பலர் அந்தப் பாடத்தை மறக்கவில்லை.

*

கிள்ளான், ஜாலான் தெங்கு கிளானாவிலிருந்து கொஞ்சம் தள்ளி, மாடியில் ஒரு ஃபார்வர்டிங் அலுவலகம். துறைமுகத்தில் இறங்கும் சரக்குக்கு சுங்கப் படிவம் அனுப்புகிற வேலை. இறக்குமதிக்குக் கே1, ஏற்றுமதிக்குக் கே2. கெராணி வேலை பார்க்கும் அக்காவின் மானிட்டர் ஓரத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது: ஜங்கான் அப்டேட். அப்டேட் செய்யாதே என்று கணினி பழுதுபார்க்க வந்த பையன் மலாயில் எழுதி ஒட்டிவிட்டுப் போனது. அதன்மேல் செல்லோடேப் இரண்டு அடுக்கு.

திரையில் இரண்டு உலாவிகள். ஒன்று வாட்ஸ்அப்புக்கும் பாட்டுக்கும். இன்னொன்றை வேலைக்கு மட்டும் திறப்பார். அதில் வேறு எதுவும் தேடமாட்டார்.

“ஏன்க்கா, இது பாதுகாப்பு இல்லன்னு சொல்றாங்களே?”

“சொல்றவங்க வந்து கண்டெய்னர எடுத்துக் கொடுப்பாங்களா தம்பி? போன தடவ அப்டேட் பண்ணி ரெண்டு நாள் பிரிண்ட் வரல. பாஸ் என்னையத்தான கேட்டாரு.”

கண்டெய்னருக்கு இலவச நாள்கள் முடிந்தால் ஒவ்வொரு நாளும் வாடகை ஏறும். புதுப்பித்து எல்லாம் சரியாக நடந்தால் அந்த அக்காவுக்கு யாரும் நன்றி சொல்லப்போவதில்லை. நடக்கவில்லையென்றால் வசவு அவருக்கு. இதை வைத்துக் கணக்குப் போட்டால் மஞ்சள் சீட்டுதான் சரியான விடை. வருமான வரிக்கும் அப்படியே. சம்பளக்காரர்கள் பி.இ. படிவத்தை இணையத்தில் மே 15 வரை அனுப்பலாம். மே 14 ராத்திரி உலாவியை மாற்றிப் பார்க்கிற தைரியசாலி யார்?

*

1990-களின் பின்பாதியில் மல்டிமீடியா பெருவழி, மின் அரசாங்கம் என்று நாடே பேசியது. மின்னியல் கையொப்பச் சட்டம் 1997-லேயே வந்துவிட்டது. அரசாங்கத்துக்குப் பொருள் விற்பவர்கள் இ-பெரொலேஹானில் ஸ்மார்ட்கார்டு செருகிக் கையெழுத்துப் போட்டார்கள். முன்னோடி முயற்சி, மறுக்கவில்லை. ஆனால் இந்த மாதிரி அட்டை முறை எங்கே வந்தாலும் ஒரு சங்கிலி கூடவே வரும். அட்டை வாசிக்கும் கருவிக்கு இந்த விண்டோஸ், அதற்கு இந்த ஜாவா, அதற்கு இந்த உலாவி. ஒரு கண்ணியை மாற்றினால் மற்றது அறும். சீக்கிரம் ஓடியவன்தான் பழையதில் அதிக நாள் மாட்டிக்கொள்கிறான்.

தென்கொரியா இதற்கு உச்சம். வலுவான குறியாக்கத்தை அமெரிக்கா ஏற்றுமதி செய்யவிடாத காலத்தில் தங்களுக்கென்று சீட் என்ற குறியாக்க முறையைச் செய்து, ஐஇ-யில் மட்டும் ஓடும் ஆக்டிவ்எக்ஸில் ஏற்றி, வங்கி முதல் வரி வரை ஐஇ இல்லாமல் நகர முடியாதபடி செய்துவிட்டார்கள். அதோடு ஒட்டிவந்த கட்டாயச் சான்றிதழ் முறை ஒழிந்தது 2020 டிசம்பரில். 2022-ல் மைக்ரோசாஃப்ட் ஐஇ-க்கு விடைகொடுத்தபோது கியோங்ஜு நகரில் ஒருவர் கல்லறைக் கல்லே நட்டுவைத்தார்.

*

பிரிக்பீல்ட்ஸ், ஜாலான் தெபிங்கில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. 1951-ல் தொடங்கியது. அந்த வட்டாரத்தில் கண் தெரியாதவர்கள் வேலை செய்யும் மசாஜ் கடைகள் பல. அங்கே ஓர் அண்ணன், வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் மடிக்கணினியில் பத்திரிகை கேட்பார். படிப்பார் என்றே சொல்லலாம். அவர் அப்படித்தான் சொல்வார். குரல் ஓடுகிற வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

எச் விசை தட்டினால் அடுத்த தலைப்பு. பி தட்டினால் அடுத்த பொத்தான். எஃப் தட்டினால் நிரப்பவேண்டிய அடுத்த கட்டம். இன்செர்ட்டோடு எஃப்7 அழுத்தினால் அந்தப் பக்கத்தின் சுட்டிகள் எல்லாம் பட்டியலாக வந்து நிற்கும். விரல்கள் இதை யோசிக்காமல் செய்தன.

“உங்களுக்குப் பொத்தான் எடம் மாறுனா கண்ணு தேடிக்கும் தம்பி. எனக்கு மொதல்லேர்ந்து கேக்கணும்.”

இங்கே உலாவியின் வயதை முடிவு செய்தது திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருள். ஜாஸ் என்பது அவற்றில் பெயர்பெற்றது. நீண்ட காலம் அது ஐஇ-யோடுதான் மிக நெருக்கமாக ஒத்துழைத்தது. மற்ற உலாவிகளுக்குப் பின்னால்தான் பழகியது. அன்று அதன் விலை சுமார் 900 அமெரிக்க டாலர். புதிய உலாவிக்குப் போகப் புதிய ஜாஸ் வேண்டும், புதிய ஜாஸுக்கு மறுபடி பணம். உலாவி இலவசம் என்கிற பேச்சு இங்கே எடுபடாது. திரைவாசிப்பு மென்பொருள் பயன்படுத்துவோரிடம் வெப்எய்ம் அமைப்பு எடுக்கும் கணக்கெடுப்புகளில் 2015-லும் ஐஇ முதலிடத்தில் இருந்தது. உலகத்தில் பாதிப்பேர் அதற்குள் குரோமுக்குப் போயிருந்தார்கள்.

இதை உடைத்தது புத்திமதி அல்ல. 2006-ல் ஆஸ்திரேலியாவில் கண் தெரியாத இளைஞர் மைக்கேல் கர்ரன் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பு மென்பொருளைத் தொடங்கினார்; அவரைப் போலவே கண் தெரியாத ஜேம்ஸ் டே அவரோடு சேர்ந்துகொண்டார். அது ஃபயர்பாக்ஸோடு நன்றாகவே ஒத்துப்போனது. செலவு போனதும் ஆள்கள் நகர்ந்தார்கள். 2017 கணக்கெடுப்பில் ஃபயர்பாக்ஸ் முந்திவிட்டது. அந்த அண்ணனும் இப்போது என்விடிஏ-தான்.

*

ஆபத்து இல்லை என்று சொல்லவில்லை. 2010 ஜனவரியில் கூகுள் தன்னையே தாக்கிவிட்டார்கள் என்று அறிவித்ததே, அதற்கு வழிவிட்டது ஐஇ-யின் ஓட்டைதான். அந்த மார்ச்சிலேயே கூகுள் ஐஇ 6-ஐக் கைகழுவத் தொடங்கியது. 2011 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் தானே, தயவுசெய்து எங்கள் ஐஇ 6-ஐ விட்டுவிடுங்கள் என்று ஒரு பிரசாரம் நடத்தியது. பத்தாண்டுகள் முன்பு அதைக் கொடுத்தவர்கள்.

*

கைப்பேசிக்கும் குறிப்பு ஒன்று. ஆண்ட்ராய்டு 7.1-க்கு முந்தைய கைப்பேசியில் பல அகப்பக்கங்கள் பாதுகாப்பற்றவை என்று மிரட்டித் திரும்பிவிடும். கைப்பேசியிலுள்ள சான்றிதழ்ப் பட்டியலுக்கு அகப்பக்கங்களுக்கு இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்டின் புதிய மூலச்சான்றைத் தெரியாது. பழைய கைப்பேசிகளுக்காகச் செய்திருந்த இடைக்கால ஏற்பாடும் 2024-ல் முடிந்தது. தாமானில் இருக்கும் அம்மா அப்பாவிடம் வைரஸ் புகுந்துவிட்டது என்று சொல்லிப் பயமுறுத்த வேண்டாம். ஃபயர்பாக்ஸ் சான்றிதழ்களைத் தன்னோடே கொண்டுவரும். அந்தக் கைப்பேசி ஏற்கிற பதிப்பு ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

*

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும். 2016-ல் வாங்கிய, இன்றும் நன்றாக ஓடுகிற கணினி இந்த வாசலில் நின்றுவிடும். விண்டோஸ் 7-க்கு குரோம் 109-ஓடு கதவு சாத்தியது 2023-ல். அதேபோல் 10-க்கும் ஒரு நாள் சாத்தும். அப்போதும் மாற்றாதவர்களைச் சோம்பேறி என்பார்கள்.

பழைய அகப்பக்கங்களைப் புதிய கணினியில் திறக்க எட்ஜ் உலாவிக்குள்ளேயே ஐஇ முறை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். குறைந்தது 2029 வரை இருக்குமாம். பெரிய நிறுவனங்களில் ஐ.டி. பிரிவு ஒருமுறை அமைத்துவிட்டால் போதும். சின்ன அலுவலகத்தில் தாங்களே சேர்த்துக்கொள்ளும் முகவரி 30 நாளில் காலாவதியாகிவிடும். மறுபடி அமைப்புகளுக்குள் போய்ச் சேர்க்க வேண்டும். எனக்குத் தெரிந்த பழுதுபார்க்கும் பையன் ஒருவன் இதற்கு மாதாமாதம் வந்து போக இருபது வெள்ளி வாங்குகிறான்.