இடையில் நிற்பவரின் கூலி

வாணிபம் தோன்றிய நாள்தொட்டு, விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே மூன்றாமவர் ஒருவர் நின்றுகொண்டே இருக்கிறார். நாம் அவரைத் தரகர் என்றோம். மேல்நாட்டார் ஏலக்காரர் என்றனர். இன்றைய உலகம் இணையச் சந்தை என்கிறது. பெயர்கள் மாறினாலும் அவருடைய உரிமை மாறவில்லை. பொருள் கைமாறும்போது விலையில் ஒரு பங்கு அவருக்குச் சேரவேண்டும். அப்பங்கு எவ்வளவு என்பதைப் பள்ளிச் சிறுவனும் கணக்கிட்டுவிடுவான். அதை உண்மையில் கொடுப்பவர் யார் என்பதுதான் கடினமான கேள்வி.

என் வாப்பா தோல் வாணிபம் செய்தவர்கள். தரகர்களை இழித்துப் பேசுவது அவர்களுக்குப் பிடிக்காது. "சுமந்தவனுக்குக் கூலி கொடுக்கத் தயங்காதே, எந்தச் சுமையைச் சுமந்தான் என்று மட்டும் கேட்டுக்கொள்" என்பார்கள். அந்த அளவுகோலைக் கொண்டு ஒரு கணக்குப் பார்க்கும் வாய்ப்பு 2025ஆம் ஆண்டுக் கோடையில், இலண்டனில் என் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது எனக்குக் கிட்டியது. அடுத்த வீட்டில் ஓர் ஆங்கில மூதாட்டி தனித்து வாழ்ந்துவந்தார். கடிகாரம் பழுதுபார்ப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்த அவருடைய கணவர் மறைந்து ஓராண்டு ஆகியிருந்தது. அவர் விட்டுச்சென்ற பழைய மேசைக் கடிகாரத்தையும் ஒரு பெட்டி நிறையக் கருவிகளையும் விற்று, குளிர்காலம் வருமுன் வீட்டின் வெந்நீர்க் கொதிகலனைச் செப்பனிடவேண்டும் என்பது அம்மூதாட்டியின் எண்ணம். நான் ஓய்வுபெற்ற கணக்கன் என்பதை யாரோ சொல்லியிருந்தனர் போலும். ஏல நிலையத்துக்கு அனுப்புவதா, இணையத்தில் விற்பதா என்று என்னிடம் கேட்டார்.

அருகிலிருந்த ஏல நிலையமொன்றின் கட்டண விவரத்தை முதலில் எடுத்துக்கொண்டோம். கடிகாரம் 200 பவுண்டுக்குப் போகும் என்பது அங்கிருந்த மதிப்பீட்டாளரின் கணிப்பு. விற்பவர் தரவேண்டிய கமிஷன் 15 விழுக்காடு. அதாவது 30 பவுண்டு. படம் எடுத்து விவரப் பட்டியலில் அச்சிட 5 பவுண்டு. இவ்விரண்டின் மீதும் 20 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி 7 பவுண்டு. ஆக, மூதாட்டியின் கைக்கு வந்து சேர்வது 158 பவுண்டு. வாங்குபவரும் 200 பவுண்டோடு தப்பிவிட முடியாது. ஏல விலைக்கு மேல் 25 விழுக்காடு 'வாங்குவோர் கட்டணம்' உண்டு. அதற்கும் வரி உண்டு. எல்லாம் சேர்ந்து அவர் செலுத்துவது 260 பவுண்டு. ஒருவர் கொடுப்பது 260. மற்றவர் பெறுவது 158. இடையே தங்கிவிட்ட 102 பவுண்டில், அரசின் வரியாகிய 17 போக, 85 பவுண்டு ஏல நிலையத்துக்கு உரியது.

"வாங்குபவர் கொடுப்பதைப் பற்றி எனக்கென்ன? என்னிடமிருந்து போவது 42 பவுண்டுதானே!" என்றார் மூதாட்டி. பெரும்பாலோர் அப்படித்தான் எண்ணுகின்றனர். ஆனால் ஏலத்துக்கு வருபவர் எப்படி எண்ணுகிறார்? இந்தக் கடிகாரத்துக்கு மொத்தம் 260 பவுண்டு தரலாம் என்று முடிவு செய்தபின், கட்டணத்தையும் வரியையும் மனத்துக்குள் கழித்துவிட்டு, 200 பவுண்டு வந்ததும் கையைக் கீழே இறக்கிவிடுகிறார். அக்கட்டணம் இல்லாதிருந்தால் அவருடைய கை இன்னும் சற்று நேரம் உயர்ந்தே நின்றிருக்கும். ஆகவே வாங்குபவரின் பெயரால் எழுதப்படும் கட்டணத்தின் பெரும்பகுதி, விற்பவரின் பையிலிருந்தே சத்தமின்றி எடுக்கப்படுகிறது.

இவ்வேற்பாடு பழமையானது என்று நினைத்துவிடலாகாது. இலண்டனில் சாமுவேல் பேக்கர் என்னும் புத்தக வணிகர் 1744இல் தொடங்கிய ஏலமே பின்னாளில் சதபீஸ் நிறுவனமாயிற்று. ஜேம்ஸ் கிறிஸ்டி 1766இல் தம் ஏலக் கூடத்தைத் திறந்தார். இவர்கள் வழிவந்தோர் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக விற்பவரிடம் கமிஷன் பெற்றே வாழ்ந்தனர். 1975இல்தான் இரு நிறுவனங்களும் இலண்டனில் வாங்குபவர் மீது 10 விழுக்காடு கட்டணம் விதித்தன. விற்பவரின் கமிஷனைக் குறைத்துக் காட்டினால் நல்ல சரக்கு தங்களைத் தேடிவரும் என்பது அவர்கள் கருத்து. கலைப்பொருள் வணிகர்கள் வெகுண்டெழுந்து எதிர்த்தனர். ஆயினும் கட்டணம் நிலைத்தது. நிலைத்ததோடு வளர்ந்தும் வந்தது. 2025 பிப்ரவரியில் சதபீஸில் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, 20 இலட்சம் டாலர் வரையிலான விலைக்கு அது 27 விழுக்காடாயிற்று.

ஏல நிலையத்தார் எதையும் சுமக்காமல் இக்கூலியைப் பெறுவதில்லை. பொருள் எக்காலத்தது, யார் செய்தது என்று அறிந்து சொல்கின்றனர். பூட்டிய அறையில் பாதுகாக்கின்றனர். ஆர்வலர்களுக்குப் பட்டியல் அனுப்புகின்றனர். பணத்தை வாங்கிய பின்னரே பொருளைக் கொடுக்கின்றனர். கடிகாரத்தின் பின்புறத்தில் இருந்த சிறு முத்திரையைக் கண்டு அது எந்த ஊரில் செய்யப்பட்டது என்று அந்த மதிப்பீட்டாளர் கூறினார். கணவரோடு நாற்பதாண்டு வாழ்ந்த மூதாட்டிக்கே அது புதுச் செய்தி. அந்த அறிவுக்கு ஒரு விலை உண்டு.

இனி இணையத்தின் பக்கம் வருவோம். 1995 செப்டம்பரில் பியர் ஒமிட்யார் என்னும் கணினி வல்லுநர் கலிபோர்னியாவில் இணைய ஏலத் தளமொன்றைத் தொடங்கினார். பின்னாளில் ஈபே என்று பெயர்பெற்றது அதுவே. பழுதான லேசர் விளக்கொன்று 14.83 டாலருக்கு அங்கே விலைபோயிற்று. முதலில் கட்டணம் ஏதுமில்லை. இணைய இணைப்புக்கு மாதம் 250 டாலர் கேட்கப்பட்டபோது, அதை ஈடுகட்டுவதற்காகவே அவர் கட்டணம் விதிக்கலானார். 25 டாலருக்குக் குறைந்த பொருளுக்கு 5 விழுக்காடு. அதற்கு மேற்பட்டதற்கு 2.5 விழுக்காடு. விற்றவர்கள் நேர்மையாக அஞ்சலில் காசோலை அனுப்பிவைத்தனர். உறைகளைப் பிரிப்பதற்கென்றே ஓர் ஆளை அமர்த்தவேண்டியதாயிற்று.

அக்கட்டணம் குறைவாயிருந்ததன் காரணம் தெளிவானது. இணையச் சந்தை பொருளைத் தொட்டுப் பார்ப்பதில்லை. படம் எடுப்பவர், விவரம் எழுதுபவர், பொதி கட்டுபவர், அஞ்சலகத்தில் வரிசையில் நிற்பவர், உடைந்து போனால் பணத்தைத் திருப்பித் தருபவர் எல்லாம் விற்பவர் ஒருவரே. சந்தை தருவது கூட்டத்தை மட்டுமே. கூட்டம் பெருகப் பெருக, விற்பவர்களுக்கு வேறு போக்கிடம் குறைந்தது, கட்டணம் ஏறியது. இன்று அமெரிக்காவில் ஈபே பெரும்பாலான பொருள்களுக்கு 13 விழுக்காட்டுக்கும் மேல் பெறுகிறது. அதையும் பொருளின் விலைக்கு மட்டுமன்றி, வாங்குபவர் செலுத்தும் அஞ்சல் கட்டணமும் விற்பனை வரியும் சேர்ந்த மொத்தத்தின் மீதே கணக்கிடுகிறது. கைவினைப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற எட்சி 2022 ஏப்ரலில் தன் கட்டணத்தை 5 விழுக்காட்டிலிருந்து 6.5 ஆக உயர்த்தியபோது, விற்பனையாளர் பலர் ஒரு வாரம் தங்கள் கடைகளை மூடி எதிர்ப்புத் தெரிவித்தனர். உயர்த்திய கட்டணம் உயர்த்தியபடியே நின்றது.

இதன்பின் நிகழ்ந்தது வேடிக்கையானது. 2023 மார்ச்சில் ஜெர்மனியிலும் 2024 அக்டோபரில் பிரிட்டனிலும், தனி மனிதர்கள் விற்கும் பொருள்களுக்கு, வாகனங்கள் போன்ற சில நீங்கலாக, கட்டணமே இல்லை என்று ஈபே அறிவித்தது. விற்பவர்கள் மகிழ்ந்தனர். சில மாதங்களில், 2025 பிப்ரவரியில், பிரிட்டனில் வாங்குபவருக்கு ஒரு 'பாதுகாப்புக் கட்டணம்' வந்து சேர்ந்தது. மூதாட்டியின் கருவிகளில் ஒன்றுக்கு நாங்கள் விலை எழுதியபோது, வாங்குபவரின் பார்வைக்கு அதைவிடக் கூடிய தொகையொன்று தோன்றியதைக் கண்டோம். விலை கூடிவிட்டதே என்று தயங்கி நாங்கள் எழுதியதைக் குறைத்தோம். 1975இல் ஏலக் கூடத்தில் நிகழ்ந்தது ஐம்பதாண்டு கழித்து கைப்பேசித் திரையில் மீண்டும் நிகழ்ந்தது!

இறுதியில் எங்கள் முடிவு வாப்பாவின் அளவுகோலை ஒட்டியே அமைந்தது. கடிகாரம் எளிதில் உடையக்கூடியது. அதன் மதிப்பை அறிந்தோர் சிலரே. அதன் சுமையை ஏல நிலையத்தார் சுமக்கட்டும் என்று விட்டுவிட்டோம். கருவிகள் உறுதியானவை; தொழில் தெரிந்தவர்கள் பெயரைக் கண்டே வாங்கிவிடுவர். அவற்றை இணையத்தில் ஒவ்வொன்றாக விற்றோம். பல வாரங்கள் பிடித்தன. பொதி கட்டும் வேலையை மூதாட்டி கற்றுக்கொண்டார். தம் உழைப்புக்குக் கூலி எழுதினால் அதுவும் மலிவான வழியன்று என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஆயினும் ஒரு செய்தி என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பல கோடி பெறுமான ஓவியத்தைக் கொண்டுவரும் செல்வரிடம் பெரிய ஏல நிறுவனங்கள் பலவேளை கமிஷன் கேட்பதேயில்லை. வாங்குபவரிடம் பெறும் கட்டணத்திலும் அவருக்குப் பங்கு தருவதுண்டு. 2024இல் சதபீஸ் விற்பவர்களுக்கு ஒரே சீரான கமிஷனை விதித்து வாங்குவோர் கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தது. ஓராண்டு நிறையுமுன்பே அத்திட்டத்தைக் கைவிட்டது. பேரம் பேசும் வலிமை உடையோர் சீரான விகிதத்தை விரும்பமாட்டார்கள். வலிமையற்றோர் நிலை என்னாகும் என்பதற்கும் சான்று உண்டு. 1990களில் சதபீஸும் கிறிஸ்டீஸும் இரகசியமாகப் பேசி வைத்துக்கொண்டு, விற்பவரின் கமிஷனை ஒரே அளவாக்கின. 1995இல் ஒரு நிறுவனம் அறிவித்த விகிதத்தை அடுத்த மாதமே மற்றதும் பின்பற்றியது. குட்டு வெளிப்பட்டபின் இரண்டும் சேர்ந்து 51.2 கோடி டாலர் ஈடு தரவேண்டியதாயிற்று. சதபீஸின் தலைவராயிருந்த ஆல்பிரட் டாப்மனுக்கு 2002இல் ஓராண்டும் ஒரு நாளும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. போட்டியாளர் இருவர் இருந்தாலே விற்பவருக்குப் பாதுகாப்பு உண்டு என்று நம்பியிருந்தோர் அன்று கண் விழித்தனர்.

ஒரே ஒரு கடிகாரம் வைத்திருப்பவரால் பேரம் பேசமுடியாது. அச்சிட்ட விகிதம் முழுவதும் அவர் தலையிலேயே விழுகிறது. அத்தகையவருக்கு உள்ள ஒரே துணை கணக்குத்தான். விற்பவருக்குக் கட்டணமில்லை என்று எவர் சொன்னாலும், வாங்குபவர் மொத்தம் எவ்வளவு கொடுக்கிறார், என் கைக்கு எவ்வளவு வருகிறது என்ற இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கவேண்டும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியே தரகு. அதற்கு என்ன பெயர் சூட்டியிருக்கிறார்கள் என்பது பொருட்டன்று. அந்த இடைவெளிக்கு ஈடான சுமையை இடையில் நிற்பவர் சுமந்திருந்தால் மனமுவந்து கொடுக்கலாம். சுமக்காதிருந்தால், கேட்டுக் குறைப்பதில் வெட்கமில்லை.