திமுசு அடிக்காத தளம்

ஆலத்தியூர் என்றாலே லாரிக்காரர்களுக்குச் சிமெண்ட்தான். அப்போது மெட்ராஸ் சிமெண்ட்ஸ் என்றிருந்த இன்றைய ராம்கோ, 1997-இல் இங்கே ஆலையைத் தொடங்கியது. அரியலூரைச் சுற்றிப் பூமிக்கடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல்தான் காரணம். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதி கடல். கல்லங்குறிச்சிப் பக்கம் அந்தக் கடலின் சிப்பிகள் கல்லாகி அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. சிமெண்ட் விளைகிற இந்த ஊரில், ஒரு வீட்டு வாசலில் கார் ஏறுவதற்காகப் போட்ட கான்கிரீட் தளம் மூன்றே வருஷத்தில் பாளம் பாளமாக வெடித்துவிட்டது. உடைத்துப் போடப்போகிறார்கள், வந்து பார் என்று நண்பர் கூப்பிட்டார்.

வெடிப்பின் மேல் ஏற்கெனவே ஒருமுறை கலவை பூசி மூடியிருந்தார்கள். அது அப்பளம் மாதிரி பெயர்ந்து வந்தது. மேஸ்திரி கடப்பாரையின் பின்பக்கத்தால் அங்கங்கே தட்டினார். டொக்கு டொக்கென்று கேட்ட இடமெல்லாம் அடியில் பொள்ளல்.

"மேலாப்புல விட்ட கோடுன்னா சிமெண்ட் பாலு ஊத்தி அடைச்சிடலாம் தம்பி. இது அடிமண்ணே இறங்கிப் போச்சு. பூசிப் பூசி என்ன ஆவப்போவுது?"

உடைத்ததும் தெரிந்தது. ஓரத்தில் நாலு அங்குலக் கனம், நடுவில் இரண்டுகூட இல்லை. அடியில் இடிபாட்டுக் கல், சிமெண்ட் சாக்கு, கையால் அள்ளினால் வருகிற மண். சதுர அடிக் கணக்கில் வேலை எடுத்த காண்ட்ராக்டர் யாரோ, மண்ணை இறுக்கத் திமுசு அடிக்கும் கூலியை மிச்சம் பிடித்திருக்கிறார். மண்ணுக்குள் போகிற வேலையை யார் பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியம். மேலே மட்டும் வழுவழுப்பாகத் தேய்த்துக் கொடுத்துப் பணத்தை எண்ணிக்கொண்டு போவதற்குத் திருட்டு என்பதைத் தவிர வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரரிடம் ஒரு திருட்டு, கூலிக்காரரிடம் ஒரு திருட்டு.

திமுசைத் தூக்கியவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு சித்தாள். சதுர இரும்புக் கட்டை, குழாய்க் கைப்பிடி. அரையடிக்குக் கிராவல் பரப்பி, தண்ணீர் தெளித்து, சுவரோரத்திலிருந்து வரிசை பிசகாமல் அடித்துக்கொண்டு வந்தார். பிறகு குதிகாலை ஊன்றி ஒரு திருப்புத் திருப்பினார். பள்ளம் விழுந்த இடத்தில் மறுபடியும் அடி.

கல்யாணமான புதிதில் கலவைத் தட்டு தூக்க வந்தவர். பேரன் எடுத்தாயிற்று, இன்னும் சித்தாள்தான். கூலி கொத்தனாருக்குக் கொடுப்பதில் ஏறக்குறைய பாதி. அவரோடு கலவை குழைத்த பையன்கள் கொத்தனாராகிவிட்டார்கள்; இந்த மேஸ்திரியே அவர்களில் ஒருவர், "அக்கா" என்றுதான் கூப்பிடுகிறார். நீங்கள் ஏன் கொத்தனார் ஆகவில்லை என்று கேட்டேன்.

"கரணைய எங்கையில யாரு குடுத்தா?"

ஆனால் கலவைக்குத் தண்ணீர் அவர் சொல்கிற அளவுதான். ஐம்பது கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் போதும். கூடுதலாக ஊற்றினால் இழுத்துவிடச் சுலபம். ஆனால் அந்தத் தண்ணீர் வற்றிய இடமெல்லாம் துளையாகி, தளம் பலமிழந்து மேலே மாவாக உதிரும். இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்ன கொத்தனாரை அவர் ஒரு பார்வை பார்த்தார், அதோடு சரி. மட்டக்கோல் இழுத்தது, எட்டடிக்கு ஒரு கோடு வெட்டிவிட்டது எல்லாம் சீக்கிரம் முடிந்தன. கான்கிரீட் சுருங்கும்போது கண்ட இடத்தில் வெடிக்காமல் அந்தக் கோட்டோடு விடுவதற்காக அது.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் தமிழ்நாட்டில் 1994-லேயே வந்துவிட்டது. பதிவை விடாமல் வைத்திருந்தால் 60 வயதில் ஓய்வூதியம் உண்டு. இவர் பதிவு புதுப்பிக்காமல் விட்டுப்போயிருக்கிறது. அதற்காக அலைகிற நாளுக்குக் கூலி கிடையாது. ஊரெல்லாம் தளம் போட்ட பெண்ணுக்கு இந்த ஒரு பதிவு அட்டையை வாங்கிக்கொடுக்க, அவரை வேலைக்கு அழைத்துப் போன எந்தக் காண்ட்ராக்டருக்கும் நேரமில்லை.

தளம் போட்ட மறுநாள் காலையில் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கினார்கள். இப்போது வருகிற சாம்பல் கலந்த சிமெண்டுக்குப் பத்து நாளாவது ஈரம் காயக்கூடாது. அரியலூர் வெயிலில் ஒரு வேளை தப்பினாலும் சேதம்தான். அதற்குக் கூலி தனி என்றார் அக்கா. நாங்களே ஊற்றிக்கொள்கிறோம் என்றார் வீட்டுக்காரர்.

"போன தடவையும் அப்பிடித்தான சொல்லியிருப்பீங்க?"

கூலி பேசி முடிந்த பிறகுதான் குடத்தைக் கையில் எடுத்தார்.