இழுக்காத கம்பி

அப்பாவின் இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் கிடையாது. யாராவது கேட்டால் "கம்பி இழுத்துட்டுப் போயிடுச்சு" என்பார், ஏதோ பஸ்ஸில் குடையை மறந்துவிட்டு வந்த மாதிரி.

ரயில்வேயில் டி.ஆர்.டி. லைன்மேன். தண்டவாளத்துக்கு மேலே போகும் 25 ஆயிரம் வோல்ட் கம்பியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நான் அஞ்சாவது படிக்கும்போது ஒரு ராத்திரி, பவர் பிளாக் வாங்கி, டவர் வேகன் மேல் நின்று அறுந்துபோன காண்டாக்ட் வயரை இழுத்துச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். கிளாம்ப் நழுவிவிட்டது. கம்பியில் மின்சாரமே இல்லை. இழுவிசை மட்டும்தான் இருந்தது.

அந்த இழுவிசையை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம், என்னவென்று தெரியாமல். ரயிலில் போகும்போது சில கம்பங்களில் கனமான இரும்பு வட்டுகள் அடுக்கித் தொங்கும். சுமார் 665 கிலோ. மூன்று மடங்கு இழுக்கும் கப்பி வழியாக அது மேலே உள்ள கேட்டனரியையும் கீழே உள்ள காண்டாக்ட் வயரையும் ஆளுக்கு 1000 கிலோ விசையில் விறைப்பாக வைத்திருக்கிறது. வெயிலில் கம்பி நீண்டால் எடை இறங்கும், குளிரில் சுருங்கினால் ஏறும். விறைப்பு இல்லாவிட்டால் கம்பி தொய்யும், பேன்டோ தாவும், பொறி பறக்கும். ஆனால் தேய்ந்த கம்பியை அறுப்பதும் இதே விறைப்புதான்.

நான் இன்ஜினியரிங் முடித்து சாஃப்ட்வேருக்குப் போனதில் அப்பாவுக்குப் பெரிய வருத்தமும் இல்லை, பெரிய சந்தோஷமும் இல்லை. போனில் "சாப்டியா", "குளுரா" என்பதைத் தாண்டிப் பேச எங்களிடம் எதுவும் இருந்ததில்லை. 2019இல் ஆன்சைட் வந்து பிரிஸ்டலில் தங்கி, வேலைக்கு நியூபோர்ட் போய் வந்தேன். வழியில் செவர்ன் சுரங்கம். 1886இல் திறந்தது, 7 கிலோமீட்டர். மேலே கழிமுகம். தோண்டும்போதே 1879இல் ஊற்று உடைத்துக்கொண்டு உள்ளே வெள்ளம் புகுந்துவிட்டது. அந்த ஊற்றை இன்றுவரை பம்ப் போட்டு இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

2020 ஜனவரியில் கார்டிஃப் வரை மின்சார ரயில் என்றார்கள். ஆனால் சுரங்கம் வந்தால் ரயில் பேன்டோவை இறக்கிவிட்டு டீசலுக்கு மாறிவிடும். காலடியில் இன்ஜின் உறுமும். ஏன் என்று தேடப் போய்த்தான் அந்த அலுமினியக் கட்டையைப் பற்றித் தெரிந்துகொண்டேன். அன்று ராத்திரி, இந்தியாவில் விடியற்காலை, அப்பாவுக்கு போன் போட்டேன்.

"பழைய செங்கல் சுரங்கம்ப்பா. நம்ம மாதிரி கேட்டனரி, டிராப்பர் எல்லாம் தொங்கவிட மேல இடமே இல்ல."

"தண்டவாளத்த எறக்கணும்."

"அது இல்லாமலே பண்ணிருக்காங்க. கேட்டனரியே கெடையாது. ஒரு சாண் உயரத்துக்கும் கம்மியா அலுமினியக் கட்டை, பத்துப் பன்னெண்டு மீட்டர் நீளம். ஒண்ணோட ஒண்ணு போல்ட் போட்டு கூரையில மாட்டிடறாங்க. கட்டையோட அடிவாய்ல காண்டாக்ட் வயர். ஒரு சின்ன வண்டி வாயைத் தொறந்துகிட்டே போகும், வயர் உள்ள போய் உக்காந்துக்கும். ஜிப் போடற மாதிரி."

"டென்ஷன்?"

"கெடையாது."

"வெயிட்டு?"

"கெடையாதுப்பா. கட்டையே புடிச்சிருக்கு."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட் ஆகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"அப்ப அது அறாது."

"அறாது. நல்லாத் தேயற வரைக்கும் ஓட்டலாம்."

என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. அவர்தான் பேச்சை மாற்றினார். சுரங்க வாயில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டார். வெளியே கம்பி வளைந்துகொடுக்கும், உள்ளே கட்டை வளைந்துகொடுக்காது, பேன்டோ சட்டென்று போய் முட்டுமே என்றார். நான் அதை யோசித்திருக்கவில்லை. மறுநாள் தேடிப் பார்த்தால், வாயிலில் வைக்கும் கட்டையில் வெட்டுகள் விட்டு, மெல்ல மெல்ல விறைப்பு கூடும்படி செய்கிறார்கள். நாற்பது வருஷத்துக்கும் மேலாக வேறு கம்பிகளையே பார்த்த மனுஷன் போனிலேயே அதைப் பிடித்துவிட்டார்.

"அப்புறம் ஏன் டீசல்ல ஓடுது?" என்று அடுத்த தடவை கேட்டார். 2016இல் சுரங்கத்தை ஆறு வாரம் மூடிக் கட்டையை மாட்டினார்கள், ஆனால் உள்ளே இருந்த ஈரத்தில் சாமான்கள் அரித்துப்போய் மாற்ற வேண்டியதாகிவிட்டது என்றேன். அப்பா சிரித்தார். அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. அந்தச் சிரிப்பில் கொஞ்சம் திருப்தி இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிப்ரவரி கடைசியில் ஊர் திரும்பினேன். ஜூனில் சுரங்கத்துக்குள் மின்சார ரயில் ஓடியதைச் செய்தியில்தான் பார்த்தேன்.

நம்ம சென்னை மெட்ரோ பூமிக்கடியில் ஓடும் பகுதியிலும் அதே மாதிரிக் கட்டைதான் என்று தெரிந்ததும், லாக்டவுன் எல்லாம் முடிந்த பிறகு அப்பாவைக் கூட்டிப்போனேன். கோயம்பேட்டில் ஏறினோம். மேலே இருந்த கம்பியை நின்று நிதானமாகப் பார்த்தார். சரிவில் ரயில் இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். திருமங்கலத்தில் இறங்கினோம். அங்கே பிளாட்பாரத்தில் கண்ணாடிக் கதவு. ரயிலின் கூரையும் தெரியவில்லை, கட்டையும் தெரியவில்லை. கண்ணாடியில் நெற்றியை ஒட்டி, கையால் வெளிச்சத்தை மறைத்துப் பார்த்தார். இரண்டு விரல் இல்லாத இடத்தின் வழியாக விளக்கு வெளிச்சம் உள்ளே வந்துகொண்டிருந்தது.

செக்யூரிட்டி பையன் வந்து, தள்ளி நிற்கச் சொன்னான்.

"தம்பி, ராத்திரி இங்க கம்பி வேலைக்கு எத்தன பேர் வருவாங்க?"

"தெரியாது சார்."

"எங்க கேங்ல பன்னெண்டு பேரு" என்றார் அவனிடம். அப்புறம் அடுத்த ரயிலுக்கு இன்னும் எத்தனை நிமிஷம் என்று என்னைக் கேட்டார்.