மரத்தின் பெயரைக் கடைசியில் கேளுங்கள்

சிறிய லீவர் ஹார்ப் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "ஒலிப்பலகை ஸ்ப்ரூஸா, சீடரா?" என்பதுதான். டொரன்டோவில் ஹார்ப் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகளுக்கு வாத்தியம் பார்க்கப் பெற்றோருடன் கடைக்கும் போவதுண்டு. அங்கே நான் முதலில் கேட்பது வேறு: பலகை முழு மரமா, ஒட்டுப்பலகையா?

வயலினிலும் வீணையிலும் குதிரை வழியாகத்தான் அதிர்வு பலகைக்குள் இறங்கும். ஹார்ப்பில் ஒவ்வொரு தந்தியும் பலகையைத் துளைத்துக்கொண்டு புறப்பட்டு, அதையே சாய்வாக மேலே இழுக்கிறது. 26 தந்தி பூட்டிய சின்ன ஹார்ப்பிலும் மொத்த இழுப்பு நூறு கிலோவைச் சுலபமாகத் தாண்டும். அதை இரவும் பகலும் தாங்கவும் வேண்டும், விரல் பட்டதும் அதிரவும் வேண்டும். எடை குறைந்த, விறைப்பு மிகுந்த மரமே இரண்டுக்கும் ஈடுகொடுக்கும். ஸ்ப்ரூஸுக்கு மதிப்பு வந்தது அதனால்தான். சீடர் இன்னும் மென்மையானது. புதிதிலேயே கனிவாகப் பேசும், ஆனால் நகம் பட்டாலும் தடம் விழும்.

ஆனாலும் ஸ்ப்ரூஸ்தான் விதி என்றில்லை. நம் யாழின் ஒலிப்பெட்டியான பத்தர்மேல் தோலைப் போர்த்தினார்கள். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கும் பழைய அயர்லாந்து ஹார்ப்பின் பெட்டி, வில்லோ மரத்தைக் குடைந்து செய்தது. உலோகத் தந்திக்கு அது ஒத்துவந்தது. எந்தத் தந்தி, எவ்வளவு இழுப்பு, பலகை எவ்வளவு தடிப்பு என்பதெல்லாம் சேர்ந்துதான் நாதம். நல்ல பலகை மேல் சுரங்களின் பக்கம் மெல்லியதாகவும் கீழ் சுரங்களின் பக்கம் தடிப்பாகவும் இழைக்கப்பட்டிருக்கும். மரத்தின் பெயரைக் கேட்பவர்கள் அந்த இழைப்பைப் பற்றிக் கேட்பதே இல்லை. எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

முன்பக்கத்து ரேகையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மேலே அழகுக்காக ஒட்டிய மெல்லிய தகடாக அது இருக்கலாம். ஹார்ப்பின் முதுகில் உள்ள துளைகள் வழியாக ஃபோன் வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பாருங்கள். வெளியே நெடுக்காக ஓடும் ரேகை உள்ளே குறுக்காக ஓடினால், நீங்கள் பார்ப்பது ஒரே பலகை அல்ல. அது குறையும் அல்ல. விலை உயர்ந்த பெரிய ஹார்ப்களிலும் குறுக்கு ரேகை ஸ்ப்ரூஸின்மேல் இப்படித் தகடு ஒட்டுவார்கள். விற்பவர் அதைச் சொல்லி விற்க வேண்டும், அவ்வளவுதான்.

பிறகு வேறொருவரை மீட்டச் சொல்லி, எதிரே சற்றுத் தள்ளி நின்று கேளுங்கள். பலகை வாசிப்பவருக்கு எதிர்ப்புறம் பார்த்திருப்பதால், அவருக்குக் கேட்பது வேறு, சபைக்குக் கேட்பது வேறு. சிவப்புத் தந்திகள் 'ஸி' சுரம். அவற்றில் ஆகக் கீழே உள்ளதை மீட்டச் சொல்லுங்கள். சின்ன ஹார்ப்பின் பலவீனம் அங்கேதான் வெளிப்படும். முழு ஸ்ப்ரூஸில் அந்த ஒலி உருண்டு நின்று மெல்ல அடங்கும். பிர்ச் ஒட்டுப்பலகையில் பெரும்பாலும் சீக்கிரம் வற்றிவிடும். மேல் தந்திகள் மட்டும் பளிச்சென்று இருக்கும். முழு மரம் வாசிக்க வாசிக்கத் திறந்துகொள்ளும். ஒட்டுப்பலகை ஏறக்குறைய வாங்கிய நாளில் இருந்தபடியே இருக்கும்.

பழைய ஹார்ப்பில் பலகை நடுவே சற்று மேடிட்டிருந்தால் பயப்பட வேண்டாம். தந்தி இழுத்த இழுப்பில் எல்லாப் பலகையும் அப்படித்தான் எழும்பும். விளிம்பில் பசை விட்டிருக்கிறதா, தந்திகள் புறப்படும் நடுப்பட்டையை ஒட்டி விரிசல் ஓடுகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அப்படி இருந்தால் வாங்காதீர்கள்.

இவ்வளவு சொன்னாலும், பிள்ளையின் முதல் ஹார்ப்புக்கு நான் ஒட்டுப்பலகையைத்தான் சொல்வேன். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று வறண்டு, முழு மரம் ரேகைக்குக் குறுக்கே சுருங்கும்; ஓரங்கள் பிடித்திருப்பதால் பிளக்கும். ரேகையை மாற்றி மாற்றி ஒட்டிய பலகை அவ்வளவாக அசையாது. பஸ்ஸில் பள்ளிக்கூடம் போய்வரும் வாத்தியத்துக்கு அந்த உறுதிதான் முக்கியம்.

முழு ஸ்ப்ரூஸ்தான் வேண்டும் என்றால், ஹார்ப்புக்கு முன்னால் ஒரு ஈரப்பதமானி வாங்கி, அது நிற்கப்போகும் அறையில் வையுங்கள். குளிர்காலத்திலும் 40 முதல் 50 சதவீதம் வரை உங்களால் காக்க முடிந்தால், தயங்காமல் வாங்குங்கள்.